பம்புஹவுஸ் தெருவில் தேங்கிய தயக்கம்

செவல்பேட்டை பம்புஹவுஸ் தெருவில், டிரைவிங் ஸ்கூல் ஜெயக்கொடியின் வீட்டில், அடுக்களை வாசலுக்கும் முற்றத்துக் குழாய்க்கும் இடைப்பட்ட சிமெண்டுத் தரையில், குற்றாலத்துச் சாரல் ஊர் எல்லை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஆனி மாதத்தின் ஒரு காலையில், முறம் அகலத்துக்குத் தயக்கம் தேங்கியிருந்தது. அதை முதலில் மிதித்தவள் ஜெயக்கொடிதான். கரைத்த புளியோடு குழம்புச் சட்டியை நோக்கி விரைந்து வந்தவளின் கால் அந்த இடத்தில் பட்டதும் உடம்பு நின்றது. வழுக்கவில்லை, வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, குக்கர் தன் பாட்டுக்கு விசில் அடித்தது, குழாயில் தண்ணீர் சொட்டியது, அவள் மட்டும் நின்றாள். நின்ற பிறகுதான் குழம்பில் ஏற்கெனவே ஒருமுறை புளி ஊற்றியாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த அடியை எடுத்து வைத்ததும் உடம்பு அவளிடம் திரும்பி வந்தது.

குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. ஆனால் தொட்ட விரல் இன்னும் சற்று நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருகிறேன் என்றது. பழந்துணியால் துடைத்தாள், துணியும் நின்று நின்றுதான் நகர்ந்தது. சாரல் காலத்தில் வீட்டில் எத்தனையோ கசியும், இதுவும் அதில் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, மகளின் டிபன் பாக்ஸை மூடப் போனாள்.

ஜெயக்கொடி ஊரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கணவன் சண்முகவேல் குஜராத் லைனில் லாரி ஓட்டினான். வீட்டுக்கு வருவதைவிட அவன் அனுப்பும் சுங்கச்சாவடிப் படங்களே அதிகம் வந்தன. எனவே எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சுபிக்ஷாவும் அவளுமாகத்தான் அந்த வீடு இருந்தது. சுபிக்ஷாவுக்கு அந்த நாட்களில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது. கேள்வி முடிவதற்குள் அவள் விரல் போனைத் தொட்டிருக்கும், விரலை எடுப்பதற்குள் பதில் வந்திருக்கும். முதலில் அது பள்ளிக்கூடத்துக் கணக்கோடு நின்றது. பிறகு கட்டுரைக்கு வந்தது, பிறகு கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்பதற்கு வந்தது. பிறகு மழை வரும்போல இருக்கும் நாளில் எந்தச் செருப்பைப் போடுவது, லேட்டாகப் போனால் சாரிடம் என்ன சொல்வது, எதிர்வீட்டு ராஜாத்தி அத்தை முறுக்கு கொடுத்தால் ஒன்று எடுப்பதா இரண்டு எடுப்பதா என்பது வரைக்கும் வந்து, வந்தது தெரியாமல் குடியேறிவிட்டது. வகுப்பாசிரியை பெற்றோர் கூட்டத்தில் ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படித் தெளிவா எழுதுத பிள்ளைய நான் பாத்ததில்ல" என்றாள். பெருமை யாரைத்தான் விட்டது? ஜெயக்கொடியும் அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தரையில் கிடந்த தயக்கத்தை மகள் ஒருமுறைகூட மிதிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். கையில் போன், காதில் போன் என்று எப்படிப் போனாலும் அந்த இடம் வந்ததும் சுபிக்ஷா பாண்டி ஆடுகிறவள்போல ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போய்விடுவாள். ஏன் தாவுகிறாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

தெருவுக்கு விஷயம் ராஜாத்தி மூலம்தான் தெரிந்தது. ராஜாத்திக்கும் அவள் புருஷன் செல்லையாவுக்கும் அன்றைக்கு டிவி ரிமோட்டில் தொடங்கிய சண்டை அவனுடைய தங்கை கல்யாணம் வரை பின்னோக்கிப் போய்விட்டது. தாய்வீட்டுக்குப் போய்விடுவது என்று பையைக் கட்டிக்கொண்டு, போகிற வழியில் சொல்லிக்கொண்டு போக வந்தவள், முற்றத்தைக் கடக்கையில் தயக்கத்தில் கால் வைத்தாள். ஜெயக்கொடி அரிசி களைந்து உலையில் போடும் வரை அவள் அங்கேயே பையோடு நின்றாள். பிறகு வெளியே வந்து, திண்டில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"என்ன மதினி, ஊருக்கா?"

"போகத்தான் கெளம்பினேன். அங்க போனா எங்க அண்ணன் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கணும். அதுக்கு இவரு மூஞ்சியே தேவல." பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "கத்திரிக்கா இருந்தா ரெண்டு குடு. பையோட போயிட்டு வெறுங்கையோட வந்தாள்னு அவர் சிரிக்கக் கூடாது பாரு."

மறுநாள் செல்லையா வந்தான். "எங்க வீட்ல சொன்னா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் நின்றான், நின்றுவிட்டு வெளியே வந்து நேரே கடைக்குப் போய் ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கினான். அதன் பிறகு டீக்கடை வேலம்மாள் வந்தாள். நேற்றைய எண்ணெயில் இன்றும் வடை போடலாமா என்று நின்று யோசித்து, அந்த எண்ணெயைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். மின்வாரிய லைன்மேன் வந்தார். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வந்தான், இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே தனியாக வந்தாள். தெருவில் அடித்துப் பிடித்து ஓடுகிற ஷேர் ஆட்டோக்காரர்கள் காலையில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பம்புஹவுஸ் முக்கில் ஹாரன் சத்தம் குறைந்து, அங்கே படுத்துக் கிடக்கிற நாய்களுக்குச் சதை போட்டது. நகராட்சியில் புகார் கொடுத்ததன்பேரில் ஒரு பொறியாளர் வந்து, குழாயைத் தட்டி, தரையைத் தட்டி, கடைசியில் அந்த இடத்தில் தாமும் கால் வைத்து, வெகுநேரம் நின்று, "குழாயில் கசிவு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரோ சூடம் ஏற்றினார்கள், ஜெயக்கொடி அதை ஊதி அணைத்தாள். யாரோ செருப்பு விடுவதற்கு ஒரு மரப்பலகை கொண்டுவந்து போட்டார்கள், அது வசதியாக இருந்ததால் அதை விட்டுவிட்டாள். தண்ணீர்க் குடங்களுக்கு வரிசை போட்டுப் பழகிய தெரு அது. தயக்கத்துக்கும் அப்படியே வரிசை போட்டது. "ரெண்டு பேருக்கு மேல ஒண்ணா நிக்காதீங்க, ஒருத்தர் யோசனை இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும்" என்று முன்னால் நிற்பவர்கள் பின்னால் வருபவர்களுக்குச் சொன்னார்கள். முறம் அகலத்தில் இருந்தது நாளாக ஆகக் கோரம்பாய் அகலத்துக்கு வந்தது.

அங்கே நிற்பதற்கென்று ஒரு முறையும் உண்டாயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை, நின்றவர்கள் எல்லோரும் தாமாகவே அப்படி நின்றார்கள். இடது காலின் மேல் வலது பாதத்தை வைத்து, கொக்குபோல ஒற்றைக் காலில் நிலைகொண்டு, இடது காதின் மடலை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இழுத்தபடி நின்றார்கள். அது தோப்புக்கரணத்தின் பாதி என்று சிலர் சொன்னார்கள். காது மடலில் யோசனை நரம்பு ஒன்று ஓடுவதாகச் சித்த வைத்தியம் தெரிந்த ஒருவர் சொன்னார். ஜெயக்கொடியும் பலமுறை அப்படித்தான் நின்றிருக்கிறாள். தான் நிற்பதைத் தானே பார்க்க முடியாது என்பதால் அவளுக்கு அது பிடிபடவில்லை.

வார்டு கவுன்சிலர் பட்டமுத்து அண்ணாச்சி வந்த அன்றுதான் பிடிபட்டது. தேய்த்த வேட்டி, பையில் இரண்டு பேனா, பின்னால் இரண்டு ஆள் என்று வந்தவர், ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போய், ஒற்றைக் காலைத் தூக்கி, காது மடலை இழுத்துக்கொண்டு, விளக்குக்கம்பம் எந்த முக்கில் நடுவது என்று யோசித்தபடி நின்றார். அடுக்களை வாசலில் நின்று அவரைப் பார்த்த ஜெயக்கொடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தப் பெரிய உடம்பில், அந்த வெள்ளை மீசைக்குப் பக்கத்தில், அந்த நிற்பு யாரோ சின்ன அளவில் தைத்த சட்டைபோல இருந்தது. யாருடைய சட்டை என்று நினைத்த கணத்தில் சிரிப்பு நின்றது.

நான்கு வயதில் சுபிக்ஷா அப்படித்தான் நிற்பாள். உனக்கு அப்பா வேணுமா அம்மா வேணுமா என்று லாரியிலிருந்து இறங்கியதும் சண்முகவேல் கேட்பான். உடனே குழந்தை ஒரு காலைத் தூக்கிக் காதை இழுத்துக்கொண்டு, இந்த உலகத்தில் அதைவிடப் பெரிய கேள்வி இல்லை என்பதுபோல நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து, "லாரி" என்று பதில் சொல்லும். கடைக்காரர் ஆரஞ்சு மிட்டாயா பால் மிட்டாயா என்று கேட்டாலும், ஒன்றாம் வகுப்பில் ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டாலும், அதே காலும் அதே காதும்தான். "இந்தப் பிள்ளை கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டா முகூர்த்தம் தாண்டிரும்" என்று ராஜாத்தி கேலி செய்வாள். அந்த நிற்பைக் கடைசியாக மகளிடம் எப்போது பார்த்தோம் என்று ஜெயக்கொடி நினைத்துப் பார்த்தாள். அண்மை வருஷங்களில் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மனிதர்கள் நிற்கிற அந்தச் சிறு இடம் மகளுக்கு வேண்டாததாகி, நிற்க ஆள் இல்லாமல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமிருந்து வழிந்து, அடுக்களை வாசலில் வந்து தேங்கியிருக்கிறது. தெருவே அதில் வந்து நின்று தெளிந்து போகிறது. பிள்ளை மட்டும் அதைத் தாண்டிக் குதித்துப் போகிறாள்.

அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை அதே வாரத்தில் ரிஸ்வானா வந்தபோது பார்த்தாள். ரிஸ்வானா அடுத்த தெருப் பிள்ளை, எல்.கே.ஜி.யிலிருந்து சுபிக்ஷாவுக்குப் பக்கத்து பெஞ்சு. அவளுடைய வாப்பா ஈரோட்டில் கடை பிடித்திருந்தார். குடும்பம் வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறது. முற்றத்தில் இருவரும் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ரிஸ்வானா உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"ஏட்டி, நான் போறது உனக்கு எப்டி இருக்கு?"

சுபிக்ஷா போனை மடியில் திருப்பி வைத்து, தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ சொன்னாள். பிறகு திரையைப் பார்த்து, கவிதை ஒப்பிக்கும் போட்டியில் நிற்பவள்போல நிமிர்ந்து படித்தாள்: "பிரிவு என்பது தூரமே தவிர முடிவல்ல. நம் நட்பு எந்த ஊரிலும் நம்மோடு பயணிக்கும். உன் புதிய தொடக்கத்துக்கு என் அன்பான வாழ்த்துகள்."

ரிஸ்வானா ஆசையோடு பிரித்த பரிசுக்குள் வேறொருவர் பெயர் எழுதியிருப்பதைக் கண்டவள்போல இருந்தாள். "நல்லாருக்கு" என்றாள். கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். "உம்மா தேடுவா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏன்மா பாதியில போயிட்டா?" என்று சுபிக்ஷா கேட்டாள். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அன்று தயக்கம் கோரம்பாயிலிருந்து அடுக்களைப் படிவரை ஏறியது.

ஜெயக்கொடி எந்தத் தாயும் செய்கிறதைச் செய்தாள். போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சுபிக்ஷா அழவில்லை, கோபப்படவும் இல்லை, அதுதான் ஜெயக்கொடிக்கு என்னவோபோல இருந்தது. சற்று நேரம் வீட்டுக்குள் நடந்தாள். பிறகு அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, நாளைக்கு ரிப்பன் செவப்பா வெள்ளையா?"

"வெள்ளை."

"ஜாமெட்ரி பாக்ஸ இன்னிக்கே எடுத்து வைக்கவா, நாளைக்கா?"

"இன்னிக்கே வை."

"இப்ப எனக்குப் பசிக்குதாம்மா?"

"பசிக்கும், நாலரை ஆச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாள். அப்போது தன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். படி ஏறியிருந்த தயக்கம் அந்தக் காலின் கட்டைவிரலை நனைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலை அவளுக்குத் தெரியும். அவள் கற்றுக்கொடுக்கும் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடப்பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் பக்கத்திலிருப்பவர் மிதிக்கலாம். பத்திர ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் அந்த மாதம் முழுக்க அவளிடம் பழகினாள். வேகத்தடை வரும், கார் பதமாக நிற்கும். ஆடு குறுக்கே வரும், கார் பதமாக நிற்கும். "அக்கா, எனக்கு பிரேக் நல்லா வந்துருச்சுல்ல?" என்று அந்தப் பெண் ஒருநாள் சந்தோஷமாகக் கேட்டபோது ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். மிதித்துக்கொண்டிருந்தது தன்னுடைய கால். அந்தப் பெண்ணின் கால் பிரேக்கை நோக்கிப் போகவே இல்லை. போகவேண்டும் என்று அதற்குத் தெரியவும் இல்லை. அன்றிலிருந்து அவள் தன் கால்களை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். ஆடு வந்தபோது வாயைக்கூடத் திறக்கவில்லை. அது அந்தப் பெண்ணைவிட அவளுக்குத்தான் கடினமாக இருந்தது.

தோசை மாவை அவள் ஊற்றவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, பசிக்குதா எனக்கு?"

"தெரியலியேட்டி."

சுபிக்ஷா அவளை நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு ராஜாத்தி வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு, "பசிக்குதாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி வாசல் கதவைச் சாத்தினாள். வரிசையில் நின்றவர்களிடம், அது தன் மகளின் யோசனை என்றும், இனி அதில் யாரும் நிற்க வேண்டாம் என்றும் சொன்னாள். தெரு அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. யாருடையதாகவாவது இருக்கத்தானே வேண்டும் என்றது. ஆனால் சனிக்கிழமை காலை, சாரலில் குடை பிடித்துக்கொண்டு, பட்டமுத்து அண்ணாச்சி முன்னால் நிற்க, பதினைந்து இருபது பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இந்தா பாரும்மா, பிள்ளைக்கு என்ன கொற? மொத ரேங்க் வாங்குதா. தெருவும் நல்லாருக்கு, முன்னப்போல அடிதடி இல்ல. ரெண்டும் நல்லாருக்கையில நீ எதுக்குப் போட்டுக் கெளறுத?"

"அவளுக்குப் பசிக்கான்னு அவளுக்குத் தெரியல அண்ணாச்சி."

"வளந்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

"வளரணும்னாத்தான் அது வேணும்."

வேலம்மாள், "பழைய எண்ணெயில வடை போட்டுருவேன் தாயி, என் புத்தி எனக்குத் தெரியும்" என்றாள். ராஜாத்தி குடையை மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு மதினி. அது இல்லன்னா இவரு மண்டைய நான் என்னிக்காவது ஒடச்சிருவேன்" என்றாள். செல்லையா பக்கத்தில் நின்று அதை ஆமோதித்துத் தலையாட்டினான்.

"நான் அத அள்ளி அவ தலையில ஊத்தப் போறதில்ல" என்றாள் ஜெயக்கொடி. "அது என்னால முடியாது. அவளா வந்து நின்னா நீங்க குறுக்க வரக் கூடாது. அவ்வளவுதான் கேக்கேன்."

பட்டமுத்து மீசையைத் தடவினார். "யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார். ஜெயக்கொடி வாசலில் குறுக்கே கையை நீட்டினாள்.

"இத யோசிக்க அதுல நிக்கக் கூடாது அண்ணாச்சி. இங்கேயே நின்னு யோசிங்க."

அந்தக் கூட்டம் அங்கேயே நின்றது. தூறலில், செருப்பு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவர்களின் சங்கடத்தோடு அவர்கள் யோசித்தார்கள். ஒருவர் இருமினார். ஒருவர் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டார். லைன்மேன் தன் மகனைப் பற்றி, அவனும் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் போனை எடுக்கிறான் என்பதைப் பற்றி, யாரும் கேட்காமலே சொன்னார். குடைகளில் தண்ணீர் ஓடியது. கடைசியில் பட்டமுத்து, "சரி" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது அதுவரை நடந்ததில்லை என்று அவருடைய ஆட்கள் பின்னாளில் சொன்னார்கள்.

ஞாயிறு விடிந்து வெயில் வந்தது. ரிஸ்வானா வீட்டுச் சாமான்கள் ஏற்றிய வேன் பம்புஹவுஸ் முக்கில் நின்றது. கட்டிலின் கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, மேலே ஒரு பிளாஸ்டிக் குடம் ஆடிக்கொண்டிருந்தது. ரிஸ்வானா டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இந்தத் தெருப் பக்கம் பார்க்கவில்லை.

சுபிக்ஷா முற்றத்தில் நின்று வேனைப் பார்த்தாள்.

"அம்மா, நான் போய் என்ன சொல்லணும்?"

ஜெயக்கொடி அம்மியின் மேல் உட்கார்ந்து கால்களை மடக்கி வைத்துக்கொண்டாள். அவளிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, நான்கைந்து இருந்தன, எல்லாம் நல்ல பதில்கள். "தெரியலட்டி" என்றாள்.

"போனத் தாயேன். ஒரே ஒரு தடவ."

ஜெயக்கொடி இடுப்பிலிருந்து பீரோச் சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். மகள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. சாவியைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். பீரோவுக்குப் போகிற வழியில் தயக்கம் முற்றம் முழுக்கப் பரவிக் கிடந்தது. தாவிக் கடக்க முடியாத அகலம் அதற்கு வந்திருந்தது.

"அதுல நின்னா ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கும்மா" என்றாள் சுபிக்ஷா. "ஒருநா தெரியாம கால் பட்டுட்டு. கிணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருந்துச்சு."

"ஆமா, மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

"பெறவு?"

ஜெயக்கொடி மடக்கிய கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சுபிக்ஷா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். அவள் இறங்கியதைத் தெரு பார்த்தது. வேலம்மாள் வடைச் சட்டியைத் தணலிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள், ஆட்டோக்காரர்கள் இன்ஜினை அணைத்தார்கள், ராஜாத்தி வாசற்படியில் உட்கார்ந்து யாரும் உள்ளே வராதபடி காலை நீட்டிக்கொண்டாள். வேன் டிரைவர் மணியைப் பார்த்தார். ரிஸ்வானாவின் வாப்பா இறங்கி வந்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "சுபி யோசிக்கா" என்று செல்லையா சொன்னான். யார் வீட்டிலோ பிரசவம் நடப்பதுபோல அந்தத் தெரு குரல் தாழ்த்திப் பேசியது. நீர் வற்றுகிற குளத்தின் ஓரம் தெரிவதுபோல முற்றத்தின் ஓரம் முதலில் தெளிந்தது. பிறகு அடுக்களைப் படி தெளிந்தது, பிறகு குழாயடி. சுபிக்ஷாவின் முகம் கோணியது, அழப்போவதுபோல ஆனது, அழவில்லை, சிவந்தது, மறுபடி கோணியது. எழுந்து போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று ஜெயக்கொடியின் உடம்பெல்லாம் சொன்னது. அம்மியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

தரை முழுக்க வெறும் சிமெண்டுத் தரையானபோது சுபிக்ஷா அதிலிருந்து நடந்து வந்தாள். சாவியைத் தாயின் மடியில் போட்டாள். வாசலில் ராஜாத்தி காலை மடக்கி வழிவிட்டாள். அவளுக்குப் பின்னால் உள்ளே எட்டிப் பார்த்த பட்டமுத்து, காய்ந்த தரையைக் கண்டு பெருமூச்சுவிட்டு, "இனிமே நம்ம பாட்ட நாமதான் பாக்கணும் போல" என்றார். "பாக்கத்தான் செய்வோம், நேத்து பாத்தோம்ல" என்றாள் வேலம்மாள்.

சுபிக்ஷா வேனின் அருகில் போய் நின்றாள். ரிஸ்வானா உம்மாவின் மேல் சாய்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"நீ போறது எனக்குக் கோவமா இருக்கு" என்றாள் சுபிக்ஷா.

"எம்மேலயா? எங்க வாப்பாதான போறாங்க."

"உம்மேல இல்ல." கொஞ்சம் நின்றாள். "இல்ல, உம்மேலயுந்தான். ஈரோடு போறீங்கன்னு நீ மொதல்ல உங்க மாமி மவகிட்டதான் சொன்ன. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அத இன்னுமா மனசுல வச்சிருக்க?"

"வச்சிருக்கேன்னே இப்பத்தான்ட்டி தெரியுது."

ரிஸ்வானாவின் வாய் துடித்தது. அது சிரிப்பா அழுகையா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவள் உம்மாவின் மடியைத் தாண்டிக் கதவைத் திறந்து கீழே இறங்கினாள். டிரைவர், "பாய், வெயில் ஏறுது, ரொம்ப தூரம் போகணும்" என்றார்.

"இருங்க வாப்பா" என்றாள் ரிஸ்வானா. "நானும் இவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அது என்னவென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தெருப்புழுதியில் செருப்பு நுனியால் கோடு கிழித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். சுபிக்ஷா வேனின் நிழலுக்குள் நகர்ந்து, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.